அமெரிக்க வரலாற்றை அன்றாட வாழ்க்கையில் எங்கே பார்ப்பது?

மகள் குடும்பத்தோடு சில மாதம் தங்க ஒஹாயோ வரவிருக்கும் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவரும் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "அமெரிக்க வரலாறு என்று புத்தகத்தை எடுத்தால் போர், ஜனாதிபதி, மறுபடியும் போர் என்றே போகிறது. நீங்கள் அங்கேயே வரலாறு சொல்லிக்கொடுத்தவர். அங்கே சாதாரண மனிதர்களின் வாழ்க்கை ஏன் அப்படி இருக்கிறது என்று புரிய, எதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்?"

ஐயா, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் 1980-களில் திருமணமாகி இங்கே வந்தவள். இங்கேயே படித்து, ஆசிரியர் உரிமம் வாங்கி, கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அமெரிக்க வரலாறும் அரசாங்கமும் நடத்தினேன். ஓய்வு வயது தாண்டிய பிறகும், யாராவது விடுப்பில் போனால் கூப்பிடுவார்கள், போய் வகுப்பெடுப்பேன். அதனால் பேச்சு பள்ளிக்கூடத்தையே சுற்றிச் சுற்றி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இங்கே வந்து இறங்கியதும் பார்க்கப்போகிற பல விஷயங்கள் "இந்த ஊர்ப் பழக்கம்" என்றுதான் தோன்றும். பெரும்பாலானவற்றின் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அதற்கு ஒரு வருடம் இருக்கிறது. அதற்காக அலைந்தவர்களும் எதிர்த்தவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு சட்டத்தையும் படித்து முடித்ததும் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன்: "இது வந்த அன்று யார் இதற்குள் இல்லை?" பிள்ளைகள் முதலில் முழிப்பார்கள். அரையாண்டு முடிவதற்குள் நான் வாயைத் திறக்கும் முன்பே அவர்களே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். உங்களுக்கும் அந்தக் கேள்வியைத்தான் கொடுக்கிறேன். இதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், கண்ணில் படுவதெல்லாம் வேறு மாதிரி தெரியும்.

பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் காலையிலிருந்து தொடங்குகிறேன். மணி அடித்ததும் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். வகுப்பு முழுக்க எழுந்து, வலது கையை நெஞ்சில் வைத்து, கொடியைப் பார்த்து உறுதிமொழி சொல்லும். 1892-இல் பிரான்சிஸ் பெல்லமி என்பவர் ஒரு சிறுவர் பத்திரிகைக்காக எழுதியது அது. முதலில் கையைக் கொடியை நோக்கி நீட்டித்தான் சொல்வார்கள். நாஜிகள் வணங்குவது போலவே இருக்கிறது என்று 1942-இல் அதை மாற்றினார்கள். "கடவுளின் கீழ்" என்ற சொல் 1954-இல்தான் சேர்ந்தது.

என் வகுப்பில் ஒரு பையன் அந்த நேரத்தில் எழுந்திருக்கவே மாட்டான். யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த குடும்பம். கொடிக்கு வணக்கம் செலுத்துவது அவர்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது. அமைதியாக உட்கார்ந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் நான் வரத் தாமதமாகி, எனக்குப் பதிலாக நின்ற ஆசிரியர் அவனை எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார். "நான் நிற்க வேண்டியதில்லை சார்" என்று குரலை உயர்த்தாமல் சொல்லியிருக்கிறான். பதினாறு வயசுப் பையன். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் ஆச்சரியம். அன்று எடுக்க வேண்டிய பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவன் எதை நம்பி அப்படிச் சொன்னான் என்பதை நடத்தினேன்.

1940-இல் உச்ச நீதிமன்றம், கொடி வணக்கத்தைப் பள்ளிகள் கட்டாயமாக்கலாம் என்று 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. அடுத்த சில வாரங்களிலேயே பல மாநிலங்களில் யெகோவாவின் சாட்சிகளைக் கும்பல்கள் தாக்கின. மெய்ன் மாநிலத்தில் கென்னபங்க் என்ற ஊரில் அவர்களுடைய ஜெப மண்டபத்துக்குத் தீ வைத்தார்கள். மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் அருகே இரண்டு சின்னச் சகோதரிகள் வணக்கம் செலுத்தவில்லை என்று பள்ளியை விட்டு அனுப்பப்பட்டார்கள். அந்தக் குடும்பத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1943 ஜூன் 14 அன்று, அதே நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே தூக்கிப் போட்டது. அரசியலிலோ தேசப்பற்றிலோ மதத்திலோ எது சரியான கருத்து என்று எந்த அதிகாரியும் விதிக்க முடியாது, அதை வாயால் ஒப்புக்கொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார்.

தேதியைக் கவனியுங்கள். ஜெர்மனியோடும் ஜப்பானோடும் போர் உச்சத்தில் இருந்த நேரம். தேசப்பற்றைக் காட்டு என்று ஊரே கத்திக்கொண்டிருந்தபோது வந்த தீர்ப்பு. இந்த நாட்டில் எனக்குப் பிடித்த பக்கங்களை எடுக்கச் சொன்னால் இதைத்தான் முதலில் எடுப்பேன்.

சரி, அன்று யார் இதற்குள் இல்லை? அதே 1943-இல் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் முள்வேலிக்குள் முகாம்களில் இருந்தார்கள். பெரும்பாலோர் இங்கேயே பிறந்த குடிமக்கள். அந்த முகாம் பள்ளிகளிலும் பிள்ளைகள் காலையில் நெஞ்சில் கை வைத்து இதே உறுதிமொழியைச் சொன்னார்கள். அவர்களை வெளியேற்றியது செல்லும் என்று 1944-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, மாற்றுத் தீர்ப்பு எழுதிய மூவரில் ஜாக்சனும் ஒருவர். என் வகுப்பில் இந்த இரண்டையும் ஒரே நாளில்தான் நடத்துவேன். தனித்தனியாக நடத்தினால் பாதிதான் சொன்னதாகும்.

அடுத்தது நிலம். வடமேற்கு ஒஹாயோவின் மேல் பகலில் விமானத்தில் வந்தால் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். சாலைகளும் வயல்களும் அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி சதுரம் சதுரமாக இருக்கும். 1785-இல் வந்த நிலச் சட்டம் செய்த வேலை அது. பக்கத்துக்கு 6 மைலாக ஒரு சதுரம், அதற்கு டவுன்ஷிப் என்று பெயர். அதற்குள் 36 துண்டுகள். ஒரு துண்டு 640 ஏக்கர். அதில் 16-ஆம் துண்டு பள்ளிக்கூடத்துக்கு என்று காகிதத்திலேயே ஒதுக்கிவிட்டார்கள். அளவை தொடங்கிய இடம் கிழக்கு ஒஹாயோவில் ஈஸ்ட் லிவர்பூல் ஊருக்கு அருகே இருக்கிறது. நான் இருக்கும் வடகிழக்கு மூலையில் மட்டும் கணக்கு வேறு. அது கனெக்டிகட் மாநிலம் தனக்கென்று வைத்துக்கொண்ட நிலம், அதனால் டவுன்ஷிப் 5 மைல்.

இரண்டு வருடம் கழித்து, 1787-இல், இந்தப் பகுதியை எப்படி ஆள்வது என்று இன்னொரு சட்டம் போட்டார்கள். அதில் மூன்று வாக்குறுதிகள் உண்டு. பள்ளிகளும் கல்வியும் என்றென்றும் ஊக்குவிக்கப்படும். அடிமை முறை இங்கே இருக்காது. பூர்வகுடிகளின் நிலம் அவர்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கப்படாது. மூன்றும் ஒரே காகிதத்தில்.

நிலம் பற்றிய வாக்குறுதிதான் முதலில் உடைந்தது. போர்களும், போருக்குப் பின் எழுதி வாங்கிய ஒப்பந்தங்களுமாக நிலம் கைமாறிக்கொண்டே போனது. ஒஹாயோவில் கடைசியாக மிஞ்சியிருந்த வையண்டாட் மக்கள் அப்பர் சாண்டஸ்கியில் தேவாலயம், பள்ளி, பண்ணை எல்லாம் வைத்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். 1843 ஜூலையில் அவர்களும் கான்சாஸ் பக்கம் கிளம்ப வேண்டியதாயிற்று. அடிமை முறை இல்லாத இந்த ஒஹாயோவுக்குள் கறுப்பினத்தவர் ஒருவர் வந்து குடியேற வேண்டுமென்றால் 500 டாலர் ஜாமீன் காட்ட வேண்டும் என்று 1807-இல் மாநிலமே சட்டம் போட்டது. பொதுப் பள்ளிகளிலும் அவர்கள் பிள்ளைகளுக்கு இடமில்லை. இந்தச் சட்டங்களில் பெரும்பகுதி 1849-இல்தான் போயிற்று. ஆக, 16-ஆம் துண்டு நிலம் யாருடைய பள்ளிக்கூடத்துக்கு என்று கேட்டால் பதில் சங்கடமாகத்தான் இருக்கும்.

பள்ளிக்கும் நிலத்துக்கும் உள்ள இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. நீங்கள் மார்ச், ஏப்ரலிலோ அக்டோபரிலோ வந்தால் வீட்டு முற்றங்களில் சின்னச் சின்ன அட்டைப் பலகைகள் நட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். தேர்தல் வேட்பாளர் பெயர்களுக்கு நடுவே, பள்ளி லெவிக்கு ஆம் என்று வாக்களியுங்கள் என்று இருக்கும். லெவி என்றால் பள்ளிக்காகக் கூடுதல் சொத்து வரி. அந்த ஊர் மக்களே வாக்குப் போட்டுத் தங்கள் வரியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் வளர்ந்த எனக்கு இது ரொம்ப நாள் பிடிபடவில்லை. மாநில அரசு சம்பளம் போடும், பள்ளி நடக்கும் என்ற பழக்கத்தில் வந்தவள் நான். இங்கே பள்ளிப் பணத்தில் பெரும்பங்கு அந்தந்த ஊர் வீடுகளின் மதிப்பிலிருந்து வருகிறது. போதாததற்கு ஒஹாயோவில் 1976-இல் ஒரு சட்டம். வீட்டு மதிப்பு ஏறினாலும், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட லெவியிலிருந்து வரும் தொகை ஏறாதபடி அது பிடித்து வைத்திருக்கிறது. விலைவாசி ஏறும், பள்ளியின் வருமானம் நிற்கும். அதனால் சில வருடத்துக்கு ஒருமுறை பள்ளிகள் மக்களிடம் போய்க் கைநீட்டியே ஆக வேண்டும்.

லெவி தோற்றால் என்ன ஆகும் என்பதை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் பஸ் குறையும். அப்புறம் இசை, ஓவியம். விளையாட்டுக் குழுவில் சேரப் பெற்றோர் பணம் கட்ட வேண்டிவரும். கடைசியாகச் சேர்ந்த இளம் ஆசிரியர்களுக்கு வேலை போகும். அதனால் லெவி காலத்தில் சனிக்கிழமைகளில் நாங்களே வீடு வீடாகப் போவோம். ஒரு வீட்டில் ஒரு விதவை அம்மா கதவைத் திறந்து, வரி ரசீதை எடுத்து வந்து காட்டினார். கணவர் ஆலையில் வேலை பார்த்தவர். "என் பிள்ளைகள் உங்கள் பள்ளியில்தான் படித்தார்கள். பள்ளி மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் என் ஓய்வூதியம் ஏறவில்லையே, இதை நான் எதிலிருந்து கட்டுவேன்?" என்றார். உள்ளே கூப்பிட்டுக் காபியும் கொடுத்தார். அவர் எதிர்த்துத்தான் வாக்குப் போட்டிருப்பார். அவர் மேல் எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. பிள்ளைகளின் படிப்பையும் முதியவர்களின் வீட்டையும் எதிரெதிரே நிறுத்தி வைக்கிற இந்த ஏற்பாட்டின் மேல்தான் எனக்குக் கோபம்.

கல்வி என்பது கூட்டாட்சி அரசியல் சட்டம் உறுதிப்படுத்தும் அடிப்படை உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1973-இல், டெக்சாஸ் வழக்கு ஒன்றில், 5-க்கு 4 என்று சொல்லிவிட்டது. அதன்பிறகு போராட்டம் மாநில நீதிமன்றங்களுக்குப் போனது. ஒஹாயோவில் பெர்ரி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) தொடங்கிய வழக்கில், சொத்து வரியை இந்த அளவுக்கு நம்பியிருக்கும் பள்ளி நிதிமுறை மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1997-இல் தீர்ப்பு வந்தது. ஆசிரியர் அறையில் அன்று கொண்டாட்டம். 2000-இலும் 2002-இலும் நீதிமன்றம் அதையே திரும்பச் சொன்னது. முறை கொஞ்சம் திருந்தியது, ஆனால் லெவி பலகைகள் இன்னும் முளைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. உங்கள் மகள் வீடு தேடும்போது முதலில் பள்ளி மாவட்டம் (ஒரு பள்ளி வாரியத்தின் எல்லை) எது என்று பார்த்திருப்பார். நம் குடும்பங்கள் எல்லாம் அப்படித்தான் பார்க்கின்றன. அந்த மாவட்டத்தில் பள்ளி ஏன் நன்றாக இருக்கிறது, பத்து நிமிடம் தள்ளியிருக்கும் மாவட்டத்தில் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் வீட்டு விலை. வீட்டு விலை எப்படி வந்தது என்று கேட்டால் 1930-களுக்குப் போக வேண்டும்.

பொருளாதாரப் பெருமந்தத்தில் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் ஜனங்கள் தவித்தபோது, 1933-இல் ஓர் அரசு நிறுவனம் அவர்கள் கடனை ஏற்றுக்கொண்டு காப்பாற்றியது. நல்ல காரியம். அதே நிறுவனம் கிளீவ்லாந்து உட்பட இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று தெருக்களுக்குத் தரம் போட்டார்கள். கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு, அதாவது கடன் கொடுக்க ஆபத்தான இடம். 1934-இல் வந்த கூட்டாட்சி வீட்டுக் கடன் உத்தரவாதமும் இதே கண்ணோட்டத்தில்தான் நடந்தது. வெள்ளையர் புறநகர்களுக்கு நீண்டகாலக் கடன் சுலபமாகக் கிடைத்தது. மற்றவர்களுக்குக் கதவு சாத்தியிருந்தது. தாத்தா வாங்கிய வீடு ஏறிய விலையில்தான் பேரன் கல்லூரிக்குப் போனான். தாத்தா வாங்கவே முடியாத குடும்பத்தில் பேரன் கடனில் போனான். இன்றைய செல்வ இடைவெளியில் பெரிய பகுதியை இப்படி விளக்கிவிடலாம்.

இதை வகுப்பில் நம்ப வைக்க ஒரு வழி வைத்திருந்தேன். நாங்கள் குடியிருப்பது 1920-களில் கட்டிய வீடு. கவுண்டி பதிவு அலுவலகத்தில் பழைய பத்திரத்தின் நகல் வாங்கி வந்து, எழுத்து தெரியும் அளவுக்குப் பெரிதாக்கி ஒவ்வொரு மேசையிலும் வைப்பேன். வேலி எவ்வளவு உயரம், கோழி வளர்க்கலாமா, கூடாதா என்ற நிபந்தனைகளுக்கு நடுவே ஒரு வரி: வெள்ளை இனத்தவர் தவிர வேறு யாரும் இந்த மனையில் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்கள் நீங்கலாக. பிள்ளைகள் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பார்கள். "மிஸ், அப்படியென்றால் நீங்களே இருக்க முடியாதா?" என்று யாராவது கேட்பார்கள். முடியாதுதான். 1948-இல் இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாடு கூடாது என்ற சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். என் வீட்டுச் சாவி அந்தச் சட்டத்தால் எனக்குக் கிடைத்தது.

கிளீவ்லாந்தை ஒட்டிய ஷேக்கர் ஹைட்ஸில் லட்லோ என்ற பகுதியின் கதையையும் சொல்லியாக வேண்டும். 1956-இல் அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்த கறுப்பின வழக்கறிஞர் ஒருவரின் வீட்டில் குண்டு வெடித்தது. அக்கம்பக்கத்து வெள்ளையர் குடும்பங்களும் கறுப்பினக் குடும்பங்களும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் உட்கார்ந்து பேசினார்கள். 1957-இல் ஒரு சங்கமே தொடங்கினார்கள். வெள்ளையர் பயந்து வீட்டை விற்றுவிட்டு ஓடுவதைத் தடுக்க, வங்கிகள் தயங்கிய இடத்தில் தாங்களே கடனுக்கு ஏற்பாடு செய்தார்கள். சட்டம் வருவதற்குப் பத்து வருடம் முன்பே சாதாரண மனிதர்கள் இதைச் செய்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்தமாகச் சொல்வேன்.

உங்கள் வயதில் வருகிறவர்களுக்கு ரொம்பத் தேவையானது முதுமைப் பணமும் மருத்துவமும். சோஷியல் செக்யூரிட்டி, அதாவது சம்பளத்தில் பிடித்து முதுமையில் மாதாமாதம் தரும் அரசுத் திட்டம், 1935-இல் சட்டமாக வந்தது. மாதாந்திர முதல் காசோலை 1940 ஜனவரி 31 அன்று வெர்மான்ட் மாநிலத்தில் லட்லோ என்ற ஊரில் (மேலே சொன்ன லட்லோ வேறு) இருந்த ஐடா மே ஃபுல்லருக்குப் போனது. 22 டாலர் 54 சென்ட். அவரும் கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியை, பிறகு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. மூன்று வருடத்தில் அவர் கட்டியது 24 டாலர் 75 சென்ட்தான். நூறு வயது வரை இருந்தார், மொத்தம் 22,888 டாலருக்கு மேல் வாங்கினார். முதியோர் வறுமை இங்கே குறைந்ததற்கு இந்தத் திட்டம்தான் முதல் காரணம்.

அன்று யார் இதற்குள் இல்லை? பண்ணைத் தொழிலாளர்களும் வீட்டு வேலை செய்பவர்களும் இல்லை. தென் மாநிலக் கறுப்பினத்தவர் பெரும்பாலும் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். தென் மாநில அரசியல்வாதிகளின் நெருக்கடி என்று சிலர் சொல்கிறார்கள், இந்தத் தொழிலாளர்களிடம் வரி வசூலிப்பது சிரமம் என்று கருவூலம் சொன்னதுதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். வெளியே நின்றவருக்கு இரண்டும் ஒன்றுதான். 1950-களின் திருத்தங்களில்தான் அவர்களில் பெரும்பாலோர் உள்ளே வந்தார்கள். மாநில, உள்ளூர் அரசு ஊழியர்களும் தொடக்கத்தில் வெளியே. அதனால்தான் ஒஹாயோ ஆசிரியர்களுக்கு இன்றும் தனி ஓய்வூதிய நிதி, சோஷியல் செக்யூரிட்டி பிடித்தம் கிடையாது. கோடையில் கடையிலோ வேறெங்கோ உழைத்து அதில் பணம் கட்டிய ஆசிரியர்களுக்கு, ஆசிரியர் ஓய்வூதியம் வருகிறது என்று சொல்லித் தொகையைக் குறைத்துவந்தார்கள். கணவனை இழந்த ஆசிரியைகள் பலருக்கு அவர் வழியில் வர வேண்டியது அடியோடு நின்றுபோனது. இந்த விதிகளை நீக்கும் சட்டத்தில் 2025 ஜனவரி 5 அன்று ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்டார். என்னோடு வேலை பார்த்த ஒரு தோழி அன்று தொலைபேசியில் அழுதுவிட்டார். நாற்பது வருடத்துக்கும் மேலாக ஆசிரியர்கள் கடிதம் எழுதி எழுதி வாங்கிய சட்டம் அது.

மருத்துவ இன்ஷூரன்ஸ் ஏன் வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். 1942-இல் போர்க்கால விலைவாசியைக் கட்டுப்படுத்தச் சம்பள உயர்வுக்கு அரசு தடை போட்டது. ஆள் பற்றாக்குறை வேறு. சம்பளத்தைக் கூட்ட முடியாத கம்பெனிகள் இன்ஷூரன்ஸ் தருகிறோம் என்று ஆள் பிடித்தன. அதற்கு வரி இல்லை என்று 1954-இல் சட்டமே வந்ததும் வேர் ஊன்றிவிட்டது. வேலை போனால் இன்ஷூரன்ஸும் போகிற நிலைமை இப்படி வந்தது. அறுபத்தைந்து வயதானவர்களுக்காக மெடிகேர் என்ற அரசு மருத்துவ இன்ஷூரன்ஸ் 1965-இல் வந்தது. ஜான்சன் மிசூரி வரை போய், முன்னாள் ஜனாதிபதி ட்ரூமன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கையெழுத்திட்டார். எல்லோருக்கும் தேசிய மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று கேட்டுத் தோற்றவர் ட்ரூமன். பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. மெடிகேர் பணம் வேண்டுமென்றால் கறுப்பினத்தவருக்குத் தனி வார்டு, தனி வாசல் வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். காலங்காலமாகப் பிரித்து வைத்திருந்த தென் மாநில மருத்துவமனைகள் ஆயிரத்துக்கும் மேல், 1966-இல் சில மாதங்களுக்குள் வழிக்கு வந்தன. இனவாரியாகப் பிரிக்கக் கூடாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியும் பள்ளிகளில் பன்னிரண்டு வருடமாக நடக்காதது மருத்துவமனைகளில் ஒரே வருடத்தில் நடந்தது.

நடைமுறைக்கு ஒன்று. பார்வையாளர் விசாவில் வரும் உங்களுக்கு மெடிகேர் கிடையாது. கிளம்பும் முன்பே பயண இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அது என்ன தரும் என்று ஒரு வரி விடாமல் படியுங்கள். 1986-இல் வந்த சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வருகிற யாரையும் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பரிசோதித்து, உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும். பில் பிறகு வரும். ஆனாலும் நெஞ்சுவலி என்றால் யோசித்துக்கொண்டு உட்காராமல் அவசர உதவி எண்ணான 911-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இனி, நாம் எப்படி இங்கே வந்தோம். நம் ஆட்கள் இதைத் திறமை, படிப்பு, உழைப்பு என்ற மூன்றோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. "சுதந்திரமான வெள்ளையர்" மட்டுமே குடியுரிமை பெறலாம் என்பது 1790-ஆம் ஆண்டுச் சட்டம். பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபி, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், குடியுரிமை கேட்டு வழக்காடினார். இந்தியர் வெள்ளையர் ஆக மாட்டார் என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அதைப் பிடுங்கினார்கள். திண்ட் அந்த வழக்கில், தான் ஆரியன், உயர்சாதி என்று வாதாடினார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. கதவை எல்லோருக்கும் திற என்று அவர் கேட்கவில்லை, தனக்கு மட்டும் திறக்கச் சொன்னார். 1946-இல் இந்தியர்கள் குடியுரிமை பெற வழி வந்தது, ஆனால் வருடத்துக்கு ஏறக்குறைய 100 பேர்தான் குடியேறலாம்.

கதவு அகலமாகத் திறந்தது 1965 அக்டோபர் 3 அன்று. எந்த நாட்டில் பிறந்தவர் என்பதை வைத்து ஒதுக்கீடு செய்யும் முறையை ஒழிக்கும் சட்டத்தில் ஜான்சன் சுதந்திர தேவி சிலையடியில் கையெழுத்திட்டார். அதற்கு முந்தைய வருடம்தான் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைகள் சட்டம். இரண்டு மாதம் முன்புதான் வாக்குரிமைச் சட்டம். இனத்தை வைத்து ஆளைப் பிரிப்பது தவறு என்று இந்த நாட்டை ஒப்புக்கொள்ள வைத்தவர்கள் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போய் அலபாமாவின் செல்மா பாலத்தில் போலீசிடம் அடி வாங்கிய கறுப்பினத்தவர்கள். அந்த வெளிச்சத்தில்தான் குடியேற்றச் சட்டமும் மாறியது. மெடிகேர் வந்து மருத்துவர்கள் போதாமல் போனதும் அதே சமயம். ஒஹாயோவின் சின்னச் சின்ன ஊர்களில் முதலில் வந்து சேர்ந்த நம் மருத்துவர்கள் பலர் இப்படி வந்தவர்கள். அவர்களுக்கு 1977 வாக்கில் பிட்ஸ்பர்க்கில் வெங்கடேஸ்வரர் கோயிலும் கிடைத்தது. மூன்று நான்கு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போய்ப் புளியோதரை சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய தலைமுறை அது, என் கணவரின் அண்ணன் உட்பட.

நம் கூட்டங்களில் யாராவது கறுப்பினத்தவரைப் பற்றி இளக்காரமாகப் பேசினால் நான் சும்மா இருப்பதில்லை. அவர்கள் ரத்தம் சிந்தித் திறந்த கதவு வழியாக வந்து உட்கார்ந்துகொண்டு அப்படிப் பேசக் கூடாது. நீங்கள் வந்திருக்கும்போதும் அப்படிப்பட்ட பேச்சு காதில் விழலாம். அப்போது இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள்.

சின்ன விஷயங்கள் சிலவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பள்ளி பஸ் எல்லாம் ஒரே மஞ்சளாக இருப்பது 1939-இல் நியூயார்க்கில் கூடிய ஒரு மாநாட்டின் முடிவு. விடிகாலை இருட்டிலும் கண்ணில் படும் நிறம் அது. பள்ளி மதிய உணவுக்கான தேசியச் சட்டம் 1946-இல் வந்தது. போருக்கு ஆள் எடுக்கும்போது சத்துக் குறைவான இளைஞர்கள் அவ்வளவு பேர் வந்ததும் அதற்கு ஒரு காரணம். தேர்தல் செவ்வாய்க்கிழமை நடப்பது 1845-ஆம் ஆண்டுச் சட்டம். ஞாயிறு கோயில், பிறகு குதிரை வண்டியில் ஒருநாள் பயணம் என்று விவசாயிகளுக்காகப் பார்த்துப் போட்ட கிழமை. இன்றைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அது தொந்தரவுதான், மாற்றத்தான் யாருக்கும் மனமில்லை.

நேரம் கிடைத்தால் மகளை இரண்டு இடங்களுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். ஒன்று, தெற்கே ஒஹாயோ ஆற்றங்கரையில் ரிப்ளி. அக்கரை கென்டக்கி, அடிமை மாநிலம். இக்கரைக் குன்றின் உச்சியில் ஜான் ராங்கின் என்ற பாதிரியாரின் வீடு. தப்பி வந்தவர்களுக்கு அந்த வீட்டு விளக்குதான் அடையாளம். கீழே ஆற்றோரம் ஜான் பார்க்கரின் வீடு. அடிமையாகப் பிறந்து, 1,800 டாலர் கொடுத்துத் தன்னைத்தானே மீட்டுக்கொண்டு, இரும்பு வார்ப்பாலை நடத்தியவர். பகலில் ஆலை வேலை, இரவில் படகில் அக்கரை போய் ஆட்களைக் கூட்டி வருவார். பிடிபட்டால் மறுபடி அடிமை. ராங்கின் வீட்டுக்குப் படி ஏறினால் முழங்கால் வலிக்கும், கார் போகும் வழியும் இருக்கிறது. இன்னொன்று, அப்பர் சாண்டஸ்கியில் வையண்டாட் மக்கள் விட்டுச் சென்ற கல் தேவாலயமும் அதைச் சுற்றியுள்ள கல்லறைகளும். அங்கே கூட்டம் இருக்காது, நின்று படிக்கலாம்.

அப்புறம், மகள் ஊரில் பள்ளி வாரியக் கூட்டம் என்றைக்கு என்று விசாரித்து ஒருமுறை போய் உட்காருங்கள். யார் வேண்டுமானாலும் போகலாம், பெயர் கொடுத்தால் ஊர்க்காரர்கள் சில நிமிடம் பேசவும் விடுவார்கள். நீங்களும் ஆசிரியர் என்பதால் பாதி பேச்சு உங்களுக்கு உடனே புரிந்துவிடும். லெவி வாக்கெடுப்புக்கு முந்தைய மாதமாக இருந்தால் கொஞ்சம் சீக்கிரமே போய்விடுங்கள், நாற்காலி கிடைக்காது.